மூன்று பிட்டும் ஒரு கழித்தல் ஒன்றும்: மதிப்பாய்வு நாட்குறிப்பு

மார்ச் 4

ஜிடிபி என்னும் பிழைத்திருத்தியின் (நிரல்களின் பிழைகளைத் தேட உதவும் மென்பொருள்) மைய மூலநிரல் மரத்தில் இன்னும் சேராத, ஒரு புதிய செயலிக்கான ஆதரவுக் கிளையைப் படித்துப் பார்க்கும் வேலை இந்த மாதம் என் பங்குக்கு வந்திருக்கிறது. இன்று எடுத்த பேட்ச் (நிரலில் செய்யும் திருத்தங்களின் தொகுப்பு) பதினொரு வரிதான். கிளாங் என்ற கம்பைலரில் பில்ட் (மூலநிரலை இயங்கும் நிரலாக உருவாக்குவது) உடைவதைச் சரிசெய்கிறது என்று அதன் தலைப்பு சொல்கிறது.

உடைவது ஓர் எனம் (எண்களுக்குப் பெயரிட்டுத் தொகுத்த வகை) தொடர்பான வரியில். (ஒலிப்பின்படி 'ஈனம்' என்று எழுதினால் பாவம், அது வேறு பொருள் தந்துவிடும், ஆகவே 'எனம்'.) அதில் 0 முதல் 5 வரை, செயலிக்குள் இருக்கும் சிறு நினைவிடங்களான பதிவேடுகளின் ஆறு வகைகள் உள்ளன. எந்த வகையிலும் சேராத பதிவேடு வந்தால் திருப்பித் தருவதற்காக, -1 என்ற எண்ணை அந்த எனமாக வலிந்து மாற்றி, கான்ஸ்ட்எக்ஸ்பிர் (கம்பைல் நேரத்திலேயே மதிப்பு கணிக்கப்படும்) மாறிலியாக வைத்திருக்கிறார்கள். ஜிசிசி என்ற மற்றொரு கம்பைலர் இதற்கு வாய் திறப்பதில்லை. கிளாங்கோ 16ஆம் பதிப்பிலிருந்து இதற்கான எச்சரிக்கையை இயல்பாகவே பிழையாகக் கொள்கிறது. அடிப்படை வகை இன்னதென்று சொல்லப்படாத எனம், தன் உறுப்புகளை அடக்கப் போதுமான மிகக் குறைந்த பிட்டுகளுக்குள் வரும் மதிப்புகளை மட்டுமே ஏற்கும். 0 முதல் 5 வரை அடங்க மூன்று பிட் போதும் என்பதால் 0 முதல் 7 வரைதான் செல்லும். -1 அந்த வேலிக்கு வெளியே நிற்கிறது. வேலிக்கு வெளியே போனால் என்ன ஆகும் என்பதை மொழித்தரம் வரையறுக்கவில்லை. வரையறுக்கப்படாத செயலுக்குக் கான்ஸ்ட்எக்ஸ்பிரில் இடமும் இல்லை. கிளாங் சொல்வது சரி.

பேட்ச் செய்திருப்பது, அந்த வரியைச் சுற்றி ஒரு பிராக்மாவை (கம்பைலருக்கு மட்டுமான குறிப்பு) போட்டு எச்சரிக்கையை அடக்கியதுதான்.

மார்ச் 5

பிராக்மா வேண்டாம் என்று பதில் எழுதினேன். ஜிடிபியின் வளர்ச்சிக் கிளையில் எச்சரிக்கைகள் எல்லாம் பிழைகளாகவே எண்ணப்படும். வெளியீட்டுப் பதிப்புகளில் அந்தக் கெடுபிடி இயல்பாக அணைந்திருக்கும். எனவே ஓர் எச்சரிக்கையை அடக்க எழுதிய பிராக்மாவே, அந்த எச்சரிக்கையின் பெயரை அறியாத பழைய கம்பைலரிடம் 'இப்படி ஒரு பெயரே இல்லை' என்ற வேறோர் எச்சரிக்கையைக் கிளப்பி, அங்கே பில்டை உடைத்துவிடும். இதற்காகவே பின்யூட்டில்ஸ் என்ற கருவித் தொகுப்பும் ஜிடிபியும் பகிர்ந்துகொள்ளும் ஒரு தலைப்புக் கோப்பில், கம்பைலருக்கு அந்தப் பெயர் தெரியுமா என்று கேட்டுவிட்டு அடக்கும் மேக்ரோக்கள் (பெயரிட்ட சிறு நிரல் துண்டுகள்) இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் இந்தப் பிழையை அடக்கிக்கொள்ளும் சலுகையையே பிந்தைய கிளாங் எடுத்துவிட்டது. இன்று மூடி வைத்தால் நாளை வேறொருவர் திறக்க வேண்டியிருக்கும்.

மார்ச் 7

இரண்டாம் பதிப்பு வந்தது. எனத்தின் அடிப்படை வகை 'இன்ட்' (குறியுள்ள முழு எண்) என்று பேட்ச் அனுப்பியவர் வெளிப்படையாக எழுதியிருக்கிறார். அடிப்படை வகை நிலைபெற்றுவிட்டால் அந்த வகையின் எல்லா மதிப்புகளும் செல்லும்; -1 முறையானதாகிவிடும். கிளாங்கில் சத்தமில்லாமல் பில்ட் ஆகிறது. இரண்டே வரி மாற்றம் என்பதால் அப்போதே ஒப்புதல் எழுதக் கை நீண்டது.

வழக்கத்தை விடாமல், என்னிடம் இருப்பவற்றிலேயே பழைய கம்பைலரான ஜிசிசி 9.2இல் ஒருமுறை ஓட்டினேன். ஜிடிபியை பில்ட் செய்ய இப்போது சி++17 தெரிந்த கம்பைலர் வேண்டும். ஜிசிசி என்றால் 9 அல்லது அதற்குப் பின். ஆகவே 9.2 இன்னும் வாசலுக்கு உள்ளேதான் நிற்கிறது. அது முறையிட்டது: ஒரு ஸ்டிரக்டில் (பல மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் அமைப்பில்) இந்த எனத்துக்கு ஒதுக்கிய மூன்று பிட் புலம், அதன் எல்லா மதிப்புகளையும் தாங்காதாம்.

இந்த எச்சரிக்கை எனக்குப் பழக்கமானது. உறுப்புகள் எத்தனை என்று பாராமல், அடிப்படை வகையின் முழு அகலத்தை வைத்துக்கொண்டு பழைய ஜிசிசி போடும் வீண் கூச்சல் இது, 9.3இல் திருத்திவிட்டார்கள். அதைத் தனியே அணைக்க ஒரு விருப்பமும் கிடையாது. 'பழைய ஜிசிசியின் தவறு, பொருட்படுத்த வேண்டாம்' என்று பாதி வாக்கியம் எழுதியபின், அந்த ஸ்டிரக்டையும் பார்த்துவிடுவோம் என்று திறந்தேன்.

மூன்று பிட். இதுவரை குறி இல்லாத, அதாவது கழித்தல் எண்களை ஏற்காத, மூன்று பிட். 0 முதல் 7 வரை கொள்ளும். அடிப்படை வகை இன்ட் ஆனதும் அதே மூன்று பிட் குறியுள்ளதாகிறது. -4 முதல் 3 வரைதான் கொள்ளும். நான்காம் வகையை எழுதிவிட்டுத் திரும்பப் படித்தால் -4 வரும். ஐந்தாம் வகை -3 ஆகிவிடும். கிளாங் இதை இயல்பான அமைப்பில் சொல்வதில்லை. வீண் கூச்சல் என்று நான் ஒதுக்க இருந்ததுதான் சரியான இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது, காரணம் வேறாக இருந்தாலும். எழுதிய பாதி வாக்கியத்தை அழித்தேன்.

மார்ச் 8

குறியில்லாத வகையாக மாற்றட்டுமா என்று கேட்டிருந்தார். அப்போது -1 ஒரு பெரிய எண்ணாகிவிடும், ஒப்பீடுகள் சரியாகவே நடக்கும், 9.2 மட்டும் தொடர்ந்து கத்தும். ஆனால் 'கிடைக்கவில்லை' என்பது பதிவேட்டின் ஏழாவது வகை அல்லவே. எனத்தை முன்பிருந்தபடியே விட்டுவிட்டு, தேடும் செயற்கூறு ஸ்டாண்டர்டு ஆப்ஷனல் (மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று காட்டும் வகை) ஒன்றைத் திருப்பித் தரட்டும் என்று எழுதினேன். 1986இல் சி மொழியில் தொடங்கிய நிரல் இது. 2017இல் வந்த ஜிடிபி 8.0தான் முதன்முதலில் சி++11 கம்பைலரைக் கட்டாயமாக்கியது. அதன்பின் நெடுநாள் ஆப்ஷனலைத் தானே எழுதி வைத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது மொழியோடு வருவதையே எடுத்துக்கொள்ளலாம்.

மார்ச் 10

மூன்றாம் பதிப்பு. ஜிசிசி 9.2, ஜிசிசி 13, கிளாங் 16 மூன்றிலும் பில்ட் ஆகிறது. ஆப்ஷனலைப் பார்த்தால் 'மதிப்பு ஏற்றப்படாமல் இருக்கலாம்' என்று ஜிசிசி அவ்வப்போது பொய்யாக ஐயப்படும். அந்த எச்சரிக்கையை ஜிடிபி பிழையாக உயர்த்துவதில்லை என்பதால் தொல்லையில்லை.

சோதனைத் தொகுப்பை, சோதனை நிரல்களையும் கிளாங்கால் கம்பைல் செய்து ஓட்டியதாகவும், மூன்று சோதனைகள் விழுவதாகவும் அவர் கவலையோடு எழுதியிருந்தார். ஜிடிபியை பில்ட் செய்யும் கம்பைலர் வேறு, ஜிடிபி ஆராயும் நிரலை உருவாக்கிய கம்பைலர் வேறு. இந்த பேட்ச் முதலாவதைப் பற்றியது மட்டுமே. இரண்டாவதற்கு ஜிடிபிக்குள் தனிக் கணக்கே நடக்கிறது. எடுத்துக்காட்டாக, செயற்கூறின் முகப்புக் கட்டளைகளைத் தாண்டி நிறுத்துப்புள்ளி வைக்கும்போது, 64 பிட் இன்டெல், ஏஎம்டி செயலிகளில் அது டிவார்ஃப் என்ற பிழைத்திருத்தத் தகவலில் உள்ள தயாரிப்பாளர் (நிரலை உருவாக்கிய கம்பைலர்) பெயரைப் பார்க்கிறது. கிளாங் என்றிருந்தால் வரி அட்டவணையை (எந்தக் கட்டளை எந்த மூலநிரல் வரியைச் சேர்ந்தது என்ற பட்டியலை) நம்புகிறது, ஜிசிசி என்றிருந்தால் கட்டளைகளையே படித்துப் பார்க்கிறது. பேட்ச் இல்லாமலும் ஒருமுறை ஓட்டி, இரு சுருக்கக் கோப்புகளையும் ஒப்பிடச் சொன்னேன். அதே மூன்றும் முன்பும் விழுந்திருக்கின்றன.

மார்ச் 12

இரண்டே குறை மீதமிருந்தது. கமிட் செய்தி (மாற்றத்தோடு சேரும் விளக்கக் குறிப்பு) இன்னும் 'கிளாங் உடைவு' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. -1 ஏன் போனது என்று எழுதக் கேட்டேன். மூன்று பிட் புலத்தின் அருகில், கடைசி வகையின் எண் 7ஐத் தாண்டக்கூடாது என்று கம்பைல் நேரத்திலேயே உறுதிசெய்யும் ஒரு வரியையும் சேர்க்கச் சொன்னேன். மாலையில் இரண்டும் வந்தன. நான் பராமரிப்பாளன் அல்லன் என்பதால் 'மதிப்பாய்வு செய்தவர்' என்ற வரியை மட்டும் என் பெயரில் இட்டேன். ஒப்புதல் வரியைத் தர வேண்டியவர் இனிமேல்தான் பார்க்க வேண்டும்.