94 வீச்சுகள்

மார்ச் மாதம் வந்துவிட்டால் எங்கள் அலுவலகத்தில் யாரும் நேரத்துக்கு வீடு போய்ச் சேர மாட்டோம். அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றின் தரவுப் பிரிவில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் விரும்பிய அணிக்குப் போகலாம் என்று கதவு திறப்பது அந்த மாதத்தில்தான். ஃப்ரீ ஏஜென்சி என்பார்கள். முறைப்படி புதன்கிழமை மாலை 4 மணிக்குத் தொடங்கும். ஆனால் திங்கள் மதியத்திலிருந்தே ஏஜென்ட்டுகளுடன் பேச லீக் அனுமதிக்கிறது. பெரிய பேரங்கள் பலவும் அதற்குள்ளேயே படிந்துவிடும். அதனால் எங்கள் வாதமெல்லாம் அதற்கு முந்தைய மூன்று வாரங்களில் நடக்கும்.

ஒரு வருஷம் அந்த மூன்று வாரமும் ஒரே ஆளைப் பற்றியே பேசினோம். வேறொரு அணியில் நான்கு ஆண்டுகள் பேக்கப் குவார்ட்டர்பேக்காக, அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் ஆளுக்கு மாற்றாக, இருந்த பையன். நான்கு ஆண்டுகளில் அவன் ஆட்டத்தில் வீசிய பந்துகள் மொத்தம் 94.

குவார்ட்டர்பேக் இடத்தில் ஒருவர்தான் ஆட முடியும். மற்ற இடங்களில் இரண்டாம் ஆளுக்கும் அவ்வப்போது வாய்ப்பு வரும், இங்கே வராது. பயிற்சியிலும் அப்படித்தான். சீசன் தொடங்கிவிட்டால் முதல் ஆளுக்கே ஏறக்குறைய எல்லா வாய்ப்பும் போகும். பேக்கப், அடுத்த வாரம் வரப்போகும் எதிரணியின் குவார்ட்டர்பேக் மாதிரி நடித்துக் காட்டி, சொந்த அணியின் தடுப்பாட்டக்காரர்களுக்குப் பயிற்சி கொடுப்பான். அந்தப் பையன் நான்கு வருஷமாக மற்றவர்களைப் போல ஆடிக்காட்டியே பழகியவன்.

பொது மேலாளர் என்னிடம் ஒரே பக்கத்தில் அறிக்கை கேட்டார். கணக்குப் போட்டேன். ஒரு வீச்சுக்கு அவன் ஈட்டிய யார்டுகளைப் பார்த்தால் லீக்கின் முதல் பத்துப் பேருக்குள் வந்தான். ஆனால் 94 வீச்சை வைத்துக்கொண்டு அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. உண்மையில் அவன் முதல் ஐந்துக்குள்ளும் இருக்கலாம், முப்பதுக்கு வெளியேயும் இருக்கலாம் என்று கீழே ஒரு வரி எழுதியிருந்தேன். "இந்த வரி வேண்டாம், முதலாளி குழம்பிவிடுவார்" என்றார். சரி என்று எடுத்துவிட்டேன். அந்த வேலையில் நான் செய்ததிலேயே இன்றுவரை மனதை உறுத்துவது அதுதான். மறுநாளே என்னுடைய அந்த ஒற்றை எண்ணை ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டு நடந்தார்கள். தாளில் அச்சாகிவிட்டால் ஒரு எண்ணுக்கு எவ்வளவு மரியாதை வந்துவிடுகிறது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எங்களிடம் ஒரு மூத்த ஸ்கவுட் இருந்தார், வீரர்களின் ஆட்டத்தைப் பார்த்து எடைபோடுபவர். என் அறிக்கையை அவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு, ஒரே ஒரு ஆட்டத்துணுக்கைப் போடச் சொன்னார். நான்கு முயற்சிக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும்; இது மூன்றாவது முயற்சி, இன்னும் 8 யார்டு வேண்டும். "கையைப் பார்க்காதே, காலைப் பார்" என்றார். பையன் பந்தை வாங்கிப் பின்னால் போகிறான். முதலில் பார்த்த ஆளைச் சுற்றி இரண்டு பேர். கண் இரண்டாவது ஆளுக்குத் திரும்புகிறது. ஆனால் இடது கால் திரும்பவில்லை, பழைய திசையிலேயே ஊன்றி நிற்கிறது. இடுப்பு முறுகிய நிலையில், தோள்பலத்தை மட்டும் நம்பி வீசுகிறான். பந்து போய்ச் சேர்ந்துவிடுகிறது. 11 யார்டு. என் கோப்பில் அது வெற்றி. "எதிரே முதல்தரத் தடுப்பாளி நின்றிருந்தால் இது இன்டர்செப்ஷன், பந்து அவன் கைக்குப் போயிருக்கும்" என்றார் அவர். பத்துத் தடவைக்கு மேல் ஓட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் அந்தக் கால் அங்கேயேதான் நின்றது.

அன்று இரவு உட்கார்ந்து 94 வீச்சையும் மறுபடி பார்த்தேன். பாதிக்கு மேல், வெற்றி தோல்வி முடிவான பிறகு, எதிரணி தன் முக்கிய ஆட்களை உட்கார வைத்துவிட்ட நேரத்தில் வீசியவை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். பானை முழுக்க ஒரே தண்ணீரில், ஒரே தீயில் வெந்திருப்பதால்தான் அந்த ஒரு பருக்கையை நம்புகிறோம். நான் எண்ணிக்கொண்டிருந்த பருக்கைகளோ ஒவ்வொன்றும் ஒவ்வொரு பானையிலிருந்து வந்தவை.

கூட்டத்தில் பழைய கதைகள் எல்லாம் வந்தன. 2012 ஜனவரி 1 அன்று கிரீன் பே அணியின் பேக்கப் மாட் ஃபிளின், டெட்ராய்ட்டுக்கு எதிராக 480 யார்டு, 6 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டுக்குள் பந்தைச் சேர்ப்பது) வீசினார். அதை நம்பி மார்ச்சில் சியாட்டில் மூன்று ஆண்டு ஒப்பந்தம் போட்டது. ஆனால் அந்த ஆகஸ்டிலேயே, புதுமுகங்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 75ஆவதாக எடுத்த ரஸ்ஸல் வில்சனிடம் அவர் இடத்தை இழந்தார். எங்கள் பயிற்சியாளர் விடவில்லை. "செயின்ட் லூயிஸ் அணியின் கர்ட் வார்னர் 1998இல் வீசியது மொத்தமே 11 பந்து. அடுத்த வருஷம் முதல் ஆளுக்கு அடிபட்டதும் களமிறங்கி, 41 டச்டவுன் போட்டு சூப்பர் போல் இறுதிப்போட்டியும் ஜெயித்தார். யாராவது களம் கொடுத்தால்தானே ஒருவன் நிரூபிக்க முடியும்?" என்றார். அது நியாயமான கேள்வி. எனக்கு இன்றும் அதற்குப் பதில் இல்லை.

ஆனால் வார்னர் அந்த அணிக்குள் இருந்தவர். பெரிய விலை கொடுத்து அவரை வாங்கவில்லை. பிராக் ஆஸ்வைலர் கதை வேறு. டென்வரில் 2015இல் ஏழே ஆட்டங்களைத் தொடங்கியவருக்கு, 2016 மார்ச்சில் ஹூஸ்டன் நான்கு ஆண்டுகளுக்கு 7.2 கோடி டாலர் பேசியது, அதில் 3.7 கோடி உத்தரவாதம், அதாவது ஆளை நீக்கினாலும் கொடுத்தாக வேண்டிய பணம். அந்த வருஷம் ஓர் அணி தன் வீரர்கள் அனைவருக்கும் கொடுக்கக்கூடிய சம்பள உச்சவரம்பே சுமார் 15.5 கோடிதான். அவர் போட்டது 15 டச்டவுன், 16 இன்டர்செப்ஷன். ஒரே வருஷத்தில், இரண்டாம் சுற்று டிராஃப்ட் உரிமையையும் சேர்த்துக் கொடுத்து, அவரைக் கிளீவ்லாந்துக்குத் தள்ளிவிட்டார்கள். ஆளை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கையில் வரிசையும் கொடுத்து அனுப்பிய மாதிரி.

அதைப் படித்தபோதுதான் எங்கள் தவறு எனக்குப் புரிந்தது. பையன் நல்லவனா இல்லையா என்று மூன்று வாரம் சண்டை போட்டோம். 94 வீச்சால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. நாம் நினைத்தது பொய்த்தால் எவ்வளவு போகும், எப்போது வெளியே வரலாம் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். அதைப் பற்றி ஒரு மணி நேரம்கூட நாங்கள் பேசியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கடைசிக் கூட்டத்துக்கு, எடுத்துவிட்ட வரியைத் திரும்பச் சேர்த்து, பக்கத்தின் உச்சியிலேயே பெரிய எழுத்தில் போட்டுக் கொண்டுபோனேன். மேலாளர் படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் அவனுக்கு நாங்கள் முன்வைக்கப்போகும் ஒப்பந்தம் முடிவானது: இரண்டு வருஷம், முதல் வருஷச் சம்பளத்துக்கு மட்டும் உத்தரவாதம். திங்கள் மாலைக்குள் வேறோர் அணி மூன்று வருஷம் கொடுத்து அவனை எடுத்துக்கொண்டது.

செப்டம்பரில் அவனுடைய முதல் ஆட்டத்தை ஸ்கவுட்டும் நானும் அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்தோம். இரண்டாம் கால்பகுதியில் மூன்றாவது முயற்சி, வேண்டியது 7 யார்டு. அவன் முதலில் பார்த்த ஆள் அடைபட்டிருந்தான். ஸ்கவுட் திரையை நோக்கிக் குனிந்தார். கண் திரும்பியது, கூடவே இடது காலும் திரும்பியது. அவர் ஒன்றும் பேசாமல் ரிமோட்டை என்னிடம் நீட்டினார். நான் பின்னால் ஓட்டி மறுபடி போட்டேன்.