வடசென்னைச் சுவர்களில் யார் எழுதலாம்?

வடசென்னையில் ஆளில்லாத சுவர் என்று ஒன்று கிடையாது. கொருக்குப்பேட்டையிலிருந்து தண்டையார்பேட்டை வழியாகத் திருவொற்றியூர் வரை நடந்து பார்க்கிறவர், புதிதாகப் பூசிய ஒரு சுற்றுச்சுவரின் ஈரம் காய்வதற்குள் அதன் ஓரத்தில் ஒரு கட்சியின் பெயரும் அதன் அருகே ஓர் ஆண்டும் எழுதப்பட்டிருப்பதைக் காண்பார். அந்த ஆண்டு வரை இந்தச் சுவர் எங்களுடையது என்பது அதன் பொருள். வீட்டுக்காரரிடம் கேட்டார்களா என்பதெல்லாம் பிறகு. அடுத்த கட்சிக்காரர் அந்தக் குறியைப் பார்த்துவிட்டு வேறு சுவர் தேடிப் போக வேண்டும், அவ்வளவுதான். போகாவிட்டால் கைகலப்பு வரும். ஒரு சுவருக்காக இரண்டு அணிகள் மோதிக்கொள்வதையே கதையாக வைத்துச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திரைப்படம் வந்தபோது, வெளியூர் நண்பர்கள் அதை உருவகம் என்று வியந்தார்கள். எங்கள் தெருவில் அதைச் செய்தி என்றே எடுத்துக்கொண்டார்கள்.

ஆகவே, தெருக்கலை என்பது பெரிய நிறுவனங்களின் பெயிண்ட் டப்பாக்களோடு அண்மையில்தான் சென்னைக்கு வந்து இறங்கியது என்பதுபோல் எழுதப்படும் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்குச் சற்று எரிச்சலாகத்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் சுவர் பல தலைமுறைகளாகப் பேசிக்கொண்டிருக்கிறது. பெரியாரின் கருத்துகளை ஊர் ஊராகப் போய்ச் சுவர்களில் எழுதியதனாலேயே ஒருவருக்குச் சுவரெழுத்து சுப்பையா என்று பெயர் நிலைத்தது. கையில் பத்திரிகையோ மேடையோ இல்லாத ஓர் இயக்கத் தொண்டருக்கு ஊர்ச்சுவரே போதுமானதாக இருந்தது. அந்த வழக்கத்தின் பின்வந்தவர்களைத்தான் நான் சிறுவயதில் எங்கள் பகுதியில் பார்த்தேன்.

அவர்களுடைய வேலை எளிதானதன்று. முதல் நாளே சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக் காயவிடுவார்கள். மறுநாள் நீலப் பொடியில் தோய்த்த நூலை இருவர் இரு முனைகளிலும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டிவிட, சுவரில் நேர்கோடு விழும். சாக்குக்கட்டியால் எழுத்துகளின் வெளிக்கோட்டை வரைந்து, தட்டை பிரஷ்ஷால் நிறம் நிரப்பி, கடைசியில் எழுத்தின் வலப்புறத்தில் மட்டும் கறுப்பு ஷேடு கொடுப்பார்கள். அந்த ஷேடு விழுந்ததும் எழுத்து சுவரைவிட்டு எழுந்து நிற்பதுபோல் தெரியும். தலைவரின் முகம் என்றால் புகைப்படத்தின் மீது கட்டம் போட்டு, அதே கட்டங்களைச் சுவரில் பெரிதாகப் போட்டு, ஒவ்வொரு கட்டமாக நிரப்புவார்கள். முகம் சரியாக அமையவில்லை என்று வட்டச் செயலாளருக்குத் தோன்றிவிட்டால் கூலி பாதிதான். ஓவியத்திறனாய்வு என்பது எங்கள் பகுதியில் இப்படித்தான் நடைபெற்றது. 2000-களின் தொடக்கத்தில் பிளக்ஸ் பேனர் பரவியதும் இந்தக் கைகளுக்கு வேலை குறைந்தது. சினிமா பேனர் வரைந்தவர்களுக்கு ஏறக்குறைய முற்றிலுமாகவே நின்றுபோனது.

பொது இடங்களின் அழகைச் சீர்குலைப்பதைத் தடுக்கும் சட்டம் ஒன்று இங்கே 1959 முதலே இருக்கிறது. அது பெரும்பாலும் தேர்தல் நேரத்தில்தான் விழித்துக்கொள்ளும். மாநகராட்சி ஊழியர்கள் வந்து எழுத்துகளின் மீது வெள்ளையடித்துவிட்டுப் போவார்கள். 2009, 2010 வாக்கில் மாநகராட்சி வேறொரு வழியைக் கண்டுபிடித்தது. அண்ணா சாலை, காமராசர் சாலைச் சுவர்களில் சுவரொட்டி ஒட்டக்கூடாது என்று தடைவிதித்து, அந்த இடங்களைக் கோயில், கிராமம், நாட்டியம், விழா என்று தமிழ்ப் பண்பாட்டுக் காட்சிகளால் நிரப்பியது. அவற்றை வரைந்தவர்களில் பிளக்ஸால் வேலை இழந்த பேனர் ஓவியர்களும் இருந்தார்கள் என்பது எனக்கு இன்றும் முரண்நகையாகத் தோன்றுகிறது. அரசியல்வாதியையும் நடிகரையும் வரைந்து பழகிய கையிடம், அரசியல்வாதியும் நடிகரும் சுவருக்கு வராதபடி காவல் நிற்கும் ஓவியத்தை வரையச் சொன்னார்கள். கூலி கிடைத்தது, அதில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் சுவரில் ஓவியம் வந்த காரணம், அங்கே வேறு யாரும் எதையும் சொல்லாமலிருக்க வேண்டும் என்பதுதான்.

அதற்குப் பிறகு வந்தது கண்ணகி நகர். நகரின் நடுவே ஆற்றோரங்களிலும் கால்வாயோரங்களிலும் குடியிருந்தவர்களை 2000 முதல் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம் அது. வேலை ஓரிடம், வீடு ஓரிடம் என்று ஆனதன் சுமை அங்குள்ளவர்களுக்கு நன்றாகவே தெரியும். 2020-இன் தொடக்கத்தில் ஸ்டார்ட் இந்தியா அமைப்பு, ஏசியன் பெயிண்ட்ஸின் துணையோடும் மாநகராட்சியின் ஒத்துழைப்போடும் அங்குள்ள அடுக்குமாடிகளின் பக்கச்சுவர்களில் பெரிய ஓவியங்களைத் தீட்டியது. ஓவியங்கள் அழகானவை, ஐயமில்லை. குற்றம் நடக்கும் இடம் என்று மட்டுமே செய்திகளில் வந்துகொண்டிருந்த ஒரு பகுதியின் பெயரை, ஓவியத்துக்காக மக்கள் தேடி வரும் பெயராக மாற்றியதும் சிறிய காரியமன்று. ஆயினும், அங்கிருந்து ஒரு மனு அனுப்பப்பட்டிருந்தால் அது எதைச் சொல்லியிருக்குமோ, அதில் ஒரு வரிகூட அந்தச் சுவர்களில் எனக்குத் தெரியவில்லை. முகங்கள் அந்த ஊருடையவை. அந்த முகங்களின் வாயில் சொல் எதுவும் வைக்கப்படவில்லை.

இப்போது இதே பாணி, நகரை அழகுபடுத்தும் சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தின் காலத்தில் வடக்கே எங்கள் பக்கமும் வந்திருக்கிறது. மேம்பாலத் தூண்களிலும் அரசுப் பள்ளிச் சுற்றுச்சுவர்களிலும் மீன்பிடி படகு, வலை, குத்துச்சண்டைக் கையுறை, கால்பந்து, கேரம் பலகை. இவை ஒன்றும் பொய்யல்ல. முகமது அலி 1980-இல் இந்த நகருக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் காட்சிப் போட்டியில் ஆடியதை இங்குள்ள பெரியவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா இந்தப் பகுதியில் வளர்ந்த பெண். வியாசர்பாடிப் பிள்ளைகளின் காலில் பந்து நிற்கும் அழகை நான் எழுதித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் இதே பகுதியில்தான் 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. இதே பகுதியில்தான் 1921-இல் பின்னி ஆலை வேலைநிறுத்தமும் அதையொட்டிப் புளியந்தோப்புக் கலவரமும் நிகழ்ந்தன. அந்த ஆலை 1996-இல் மூடப்பட்டது. நான் பார்த்த வரையில் எந்த மேம்பாலத் தூணிலும் அந்த ஆலைக்கு இடமில்லை. கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்கும் இல்லை. வடசென்னை விளையாடும், மீன் பிடிக்கும், சிரிக்கும். உழைத்ததற்கும் மூச்சுத் திணறியதற்கும் தூண் ஒதுக்கப்படவில்லை.

யாரும் ஒதுக்காமலே மக்கள் எடுத்துக்கொண்ட சுவர்கள் வேறு. புளியந்தோப்பு, பட்டாளம், வியாசர்பாடிப் பகுதிகளின் குடியிருப்புகளுக்குள் நுழையும் இடத்தில் நீலப் பின்னணியில் அம்பேத்கரின் படம் இருக்கும். பல இடங்களில் புத்தரும், சில இடங்களில் அயோத்திதாசரும் இரட்டைமலை சீனிவாசனும் உடன் இருப்பார்கள். அம்பேத்கர் பிறந்தநாளான ஏப்ரல் 14-க்கு முந்தைய வாரத்தில் இளைஞர்கள் வீட்டுக்கு வீடு வசூல் செய்து, பழைய படத்தின் மீது புதிய வண்ணம் ஏற்றுவார்கள். மூக்குக்கண்ணாடி சில ஆண்டுகளில் பெரிதாகவும் சில ஆண்டுகளில் சிறிதாகவும் அமைந்துவிடும். அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. கீழே ‘கற்பி, ஒன்றுசேர், புரட்சி செய்’ என்ற வரி மட்டும் பிழையில்லாமல் இருக்க வேண்டும். மழையில் மங்கினால் மங்கியபடி விட்டுவிடும் வழக்கம் அங்கே இல்லை. பெருநிறுவன ஓவியங்களில் நான் காணாத ஒன்று இது: பராமரிப்புக்கு ஒப்பந்தம் இல்லை, ஆனால் பராமரிப்பு இருக்கிறது.

கோலத்தைப் பற்றியும் ஒரு சொல். அனுமதி கேட்காமல் தெருவில் வரையக்கூடியது இந்த ஊரில் அது ஒன்றுதான் என்று எண்ணியிருந்தோம். 2019 டிசம்பர் இறுதியில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராகப் பெசன்ட் நகரில் கோலமிட்டவர்களைக் காவல்துறை பிடித்துச் சென்றதும், கோலப்பொடிக்கும் எல்லை உண்டு என்பது தெரிந்தது. மறுநாள் முதல் பல வீட்டு வாசல்களில் அதே எதிர்ப்புச் சொற்கள் புள்ளிகளுக்கு நடுவே வந்தன. அடுத்த பிப்ரவரியில் எங்கள் பழைய வண்ணாரப்பேட்டையில் அதே சட்டத்தை எதிர்த்துப் பெண்கள் வாரக்கணக்கில் தெருவில் அமர்ந்திருந்தபோது கையால் எழுதிய அட்டைகளுக்குக் குறைவில்லை.

எனக்கு இவை எல்லாவற்றையும்விட அழுத்தமாக நினைவிருப்பது ஓவியர் யாரும் வரையாத ஒரு கோடு. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து கசிந்த எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது. படகிலும் வலையிலும் ஒட்டியது. சதுப்புநில மரங்களின் வேரில் ஒட்டியது. வெள்ளம் புகுந்த வீடுகளின் சுவர்களிலும் ஒட்டியது. எர்ணாவூரில் என் சித்தி வீட்டு முன்னறையில் வெள்ளம் வடிந்த பிறகு, இடுப்பளவு உயரத்தில் நான்கு சுவர்களையும் சுற்றி ஒரே மட்டத்தில் கறுப்புக் கோடு நின்றது. நூல் பிடித்துச் சுண்டினாலும் அவ்வளவு நேராக விழாது. சித்தி சோப்பு போட்டுத் தேய்த்தார்; சுண்ணாம்பு அடித்தார்; சில நாளில் சுண்ணாம்பை மீறி மஞ்சளாக மேலே வந்தது. தெரு முழுவதும் அதே உயரத்தில் அதே கோடு. அந்த மாதம் முடிவதற்குள், 26-ஆம் தேதி இரவு, கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் உறக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். காற்றில் வந்தது சுவரில் எதையும் எழுதாது என்பதனால் அதைப் பற்றிய பேச்சு இன்னும் விரைவாக அடங்கியது.

கோடு வந்த வீடுகளில் பெரும்பாலானவை பிறகு பெயிண்ட் அடிக்கப்பட்டுவிட்டன. சித்தி வீட்டில் இப்போது இளம்பச்சை. அந்த உயரத்தை, அந்த ஆண்டை, எது வந்து எங்கே போனது என்பதைத் தெருமுனைச் சுவர் ஒன்றில் எழுதிவைக்க வேண்டும் என்று அங்குள்ள சிலர் பேசிக்கொண்டிருந்தார்கள். பள்ளிச் சுவரில் எழுதலாமா என்று கேட்டபோது, படகும் மீனும் வரைவதானால் ஏற்பாடு செய்யலாம் என்ற பதிலே கிடைத்தது. பழைய சுவரெழுத்துக்காரர் ஒருவர் கூலி வேண்டாம், பெயிண்ட் மட்டும் வாங்கிக் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். சுவர்தான் இன்னும் அமையவில்லை. தெருமுனையில் இருப்பது 2026 வரை ஒரு கட்சியின் பெயரில் இருக்கிறது.