பதினேழாம் அத்தியாயம்

மே 6, செவ்வாய்

மோதிர விரல் இன்றும் வயலின் தந்தியைத் தொட்டவுடன் உள்ளங்கைப் பக்கமாகச் சுருண்டுகொண்டது. மருத்துவமனைச் சீட்டில் அடுத்த தேதி 28 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை கச்சேரி இல்லை, பாடம் இல்லை.

வாசிக்க இயலாவிட்டால் பேசலாமே என்று இசை ஆசிரியர் கூட்டத்தினர் கேட்டிருக்கிறார்கள். மேடையில் வாசிக்கும் முறையைப் பற்றிய பழைய நூல்கள் என்பது தலைப்பு. ஜூன் முதல் வாரத்தில், காட்பாடியில், ஒரு மணி நேரம். 1752இல் வந்த குவாண்ட்ஸின் புல்லாங்குழல் நூல், 1753இல் வந்த கார்ல் ஃபிலிப் இமானுவேல் பாக்கின் கீபோர்டு வாத்திய நூல், 1756இல் வந்த லியோபோல்ட் மோட்சார்ட்டின் வயலின் நூல், 1904இல் எட்டயபுரத்தில் அச்சான சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி, இவற்றோடு சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை. எல்லாவற்றையும் மகள் கைப்பேசியில் ஏற்றி, சாட்பாட்டிடம் ஒப்படைத்துவிட்டுப் பெங்களூருக்கு ரயிலேறிவிட்டாள். "நீ முழுசா படிச்சு முடிக்கறதுக்குள்ள தீபாவளி வந்துடும்மா, இது ஒரு நிமிஷத்துல சொல்லிடும்" என்றாள்.

மே 7, புதன்

சொல்லிவிட்டது. ஒரு நூலுக்கு ஐந்து குறிப்புகள், நல்ல தமிழில், பிழையில்லாத வாக்கியங்களில். அக்கினி நட்சத்திர வெயிலில் மின்சாரம் போய் மின்விசிறி நின்ற மதியத்தில், நானூறு பக்க ஆங்கிலத்தைப் புரட்ட வேண்டாம் என்பதே பெரிய ஆறுதலாக இருந்தது. உரையில் பாதி முடிந்துவிட்டது என்று தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

மே 8, வியாழன்

இரவு உறக்கம் வராததால் அந்தக் குறிப்புகளை மீண்டும் படித்தேன். குவாண்ட்ஸ், பாக், மோட்சார்ட் ஆகிய மூவருடைய சுருக்கங்களின் தலைப்புகளையும் மாற்றி ஒட்டினால் ஒருவருக்கும் தெரியாது. மூவரும் உணர்வோடு வாசிக்கச் சொல்கிறார்கள். மூவரும் பாடகரைப் பின்பற்றச் சொல்கிறார்கள். மூவரும் நல்ல ரசனையை வலியுறுத்துகிறார்கள். குவாண்ட்ஸும் பாக்கும் ஒரே அரசரிடம், இரண்டாம் ஃபிரெடரிக்கின் அவையில் பணிபுரிந்தவர்கள் என்பதால் ஒற்றுமை இருக்கத்தான் செய்யும் என்று சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் ஒருவர் காற்றையும் நாக்கையும் பற்றி எழுதியவர், ஒருவர் கட்டைகளின் மேல் விரல் வைக்கும் முறையை எழுதியவர், ஒருவர் வில்லைப் பற்றி எழுதியவர். மூச்சும் கட்டையும் வில்லும் எங்கே போயின?

மே 9, வெள்ளி

விரல் பற்றிச் சாட்பாட்டிடம் கேட்பதில்லை என்று முடிவு.

மே 10, சனி

எனக்குத் தெரிந்த நூலை வைத்து அளந்து பார்க்கலாம் என்று அரங்கேற்று காதையின் சுருக்கத்தை எடுத்தேன். "நூல் விதிகளின்படி சிறப்பாக அமைக்கப்பட்ட அரங்கில் மாதவி ஆடினாள், ஆடலாசிரியர், இசையாசிரியர், யாழாசிரியர் முதலியோரின் தகுதிகள் கூறப்படுகின்றன" என்றது. தவறு என்று ஒரு சொல்லைக்கூடக் காட்ட முடியாது. ஆனால் இளங்கோ விதிகளின்படி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகவில்லை. அரங்கை அளக்கும் கோலுக்கு இருபத்து நான்கு விரல் நீளம் என்கிறார். அந்தக் கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்கிறார். வாயில் இரண்டு என்கிறார். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று திரைகளைப் பெயர் சொல்லிப் பிரிக்கிறார். தூண்களின் நிழல் ஆடுகிறவள் மேலும் அவையின் மேலும் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும் என்பதைக்கூட விடவில்லை. ஒரு தச்சரைக் கூப்பிட்டு இந்த வரிகளைப் படித்துக் காட்டினால் அவர் மேடை கட்டிவிடுவார். சுருக்கத்தைப் படித்துக் காட்டினால் "சரிங்கம்மா, அளவு எவ்வளவு?" என்றுதான் கேட்பார்.

மேடை ஏறுகிறவருக்கும் மேடை கட்டுகிறவருக்கும் எழுதப்பட்ட நூல்களில் கருத்து கொஞ்சம்தான். அளவும் வரிசையும் எடுத்துக்காட்டும்தான் மிகுதி. சுருக்கும் இயந்திரம் கருத்தை வைத்துக்கொண்டு மற்றதைக் கழிக்கிறது. கழிவில்தான் நூல் இருக்கிறது.

இருபத்து நான்கு விரல். யாருடைய விரல் என்று உரையாசிரியர்கள் யோசித்திருக்கிறார்கள். உத்தமனுடைய விரல் என்கிறார்கள். என் மோதிர விரலை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

மே 11, ஞாயிறு

மாணவி வந்தாள், பாடத்துக்கு அல்ல. ஆங்கிலத்தை உரக்கப் படித்துக் காட்ட. லியோபோல்ட் மோட்சார்ட்டின் ஐந்தாம் அத்தியாயம். சாட்பாட் அதற்குக் கொடுத்த வரி, "வில் கட்டுப்பாட்டின் மூலம் இனிய நாதத்தைப் பெற வேண்டும்" என்பது. உள்ளே இருப்பது, ஒரே வில் இழுப்பை நான்கு விதமாகப் பிரிக்கும் பயிற்சி. மெதுவாகத் தொடங்கி, நடுவில் ஓங்கி, மெதுவாக முடிப்பது முதல் பிரிவு. ஓங்கித் தொடங்கித் தேய்வது இரண்டாவது. தேய்வில் தொடங்கி ஓங்குவது மூன்றாவது. ஒரே இழுப்புக்குள் ஓங்குவதும் தேய்வதுமாக மாறி மாறி வருவது நான்காவது.

இதற்கு இடக்கை விரல் ஒன்றும் வேண்டியதில்லை. பெட்டியைத் திறந்தேன். கீழே அமர்ந்து, வயலின் தலையை வலக் கணுக்காலில் ஊன்றி, எந்த விரலாலும் தந்தியைத் தொடாமல், சட்ஜத்து வெறுந்தந்தியில் முதல் பிரிவை மட்டும் மாலை விளக்கேற்றும் வரை இழுத்தேன். நடுவில் ஓங்க வேண்டிய இடத்தில் எனக்குச் சிறிது முன்பாகவே ஓங்கிவிடுகிறது. எத்தனை ஆண்டுகளாக அப்படி இழுத்துக்கொண்டிருக்கிறேனோ! பக்கவாத்தியமாகவே உட்கார்ந்தவர்களுக்குப் பாடகரின் குரலுக்கு முந்திக்கொள்ளும் ஆசை உள்ளுக்குள் இருக்கும் போலும்.

மாணவி போகும்போது, "டீச்சர், நான் பரீட்சைக்கு எல்லாம் சுருக்கம்தான் படிச்சேன்" என்றாள். நன்றாகத்தான் மதிப்பெண் வாங்கியிருக்கிறாள்.

மே 12, திங்கள்

சித்திரா பௌர்ணமி. புஷ்பப் பல்லக்குப் பார்க்கப் போனேன். கூட்டத்தில் பூ வாசனையும் வியர்வையுமாக நின்று நாதசுரம் கேட்டேன்; இரண்டு தெரு தள்ளி வரும் அடுத்த பல்லக்கின் தவிலோடு அது மோதிக்கொண்டே இருந்தது, ஆனாலும் தோடி தோடியாகவே இருந்தது.

மே 14, புதன்

எதிர் வீட்டு அக்கா வள்ளிமலைக்கு அழைத்தார்கள்; கை காரணமாகப் போகவில்லை. திருப்புகழை ஊர் ஊராகப் பாடவைத்த வள்ளிமலை சுவாமிகள் இருந்த இடம். அக்கா போன பிறகு ஒரு திருப்புகழைச் சாட்பாட்டிடம் கொடுத்தேன்: முருகனின் அருளை வேண்டும் பக்திப் பாடல் என்றது. இன்னொன்றைக் கொடுத்தேன். அதுவும் முருகனின் அருளை வேண்டும் பக்திப் பாடல். சந்தம் என்ற ஒன்று அதற்குப் பொருட்டே இல்லை. அருணகிரியாரை நாக்கில் போட்டு உருட்டாதவர்களிடம் என்ன பேசுவது?

மே 16, வெள்ளி

ஆசிரியர் கூட்டத்திலிருந்து மூன்றாவது தொலைபேசி அழைப்பு. உரையின் சுருக்கத்தை இரண்டு பக்கத்தில் முன்கூட்டியே அனுப்ப வேண்டுமாம்.

மே 18, ஞாயிறு

தீட்சிதரின் நூலோடு நாள் முழுவதும் போராட்டம். சுரத்தை அசைத்தும் இழுத்தும் வாசிக்கும் முறைகளான கமகங்களை அவர் சொல்லால் விளக்கியதோடு நிற்காமல், கம்பிதம், ஸ்புரிதம், நொக்கு, ரவை, வளி, ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு, ஒதுக்கல், ஓரிக்கை என்று ஒவ்வொன்றுக்கும் அடையாளம் வகுத்து, சுரங்களோடு அச்சிட்டார். வீணையில் தந்தியை எப்படி இழுக்க வேண்டும், விரலை எங்கே ஒதுக்க வேண்டும் என்பதையும் எழுதினார். சாட்பாட் அந்த அடையாளங்களை எழுத்தாகவே காணவில்லை. படமாக எடுத்த பக்கத்தை எழுத்தாக மாற்றும்போது அவை தூசிபோல் உதிர்ந்துவிட்டன. மிஞ்சியவை சரிகமபதநி மட்டும். அதன் பிறகு "கமகம் என்பது சுரங்களுக்கு அழகூட்டுவது" என்று ஒரு வாக்கியம். எட்டயபுரத்து அச்சுக்கூடத்தில் அந்தக் குறிகளுக்காகவே எவ்வளவு பாடுபட்டிருப்பார்கள் என்பதை நினைத்தால் கோபம் வருகிறது.

மோட்சார்ட் ஒவ்வொரு சுரத்தையும் நடுக்குகிறவர்களைக் காய்ச்சல் கண்டவர்களோடு ஒப்பிட்டிருக்கிறார் என்று மாணவி படித்தபோது இருவரும் சிரித்தோம். சுரத்தை அசைக்கும் நம் கம்பிதத்தைக் கேட்டிருந்தால் மனிதர் என்ன எழுதியிருப்பார்! அந்தப் பதினோராம் அத்தியாயம் சுருக்கத்தில் "அலங்காரங்களை அளவோடு பயன்படுத்துக" என்று ஆகியிருந்தது. அதோடு, வயலினில் தாடையை ஊன்றும் தாடைப் பலகையை அவர் பரிந்துரைப்பதாகவும் ஒரு வரி. அதை ஜெர்மன் வயலின் கலைஞர் லூயி ஷ்போர் கொண்டுவந்தது ஏறத்தாழ 1820இல். மோட்சார்ட் இறந்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு. வயலின் என்றால் தாடைப் பலகை என்று ஆயிரம் இடங்களில் படித்த இயந்திரம், இந்த நூலிலும் அது இருக்கத்தான் வேண்டும் என்று எழுதிவிடுகிறது. இன்னொரு குறை, நீண்ட நூலின் தொடக்கத்தையும் முடிவையும் பற்றிக்கொண்டு நடுப்பகுதியைத் தவறவிடுவது. 2023இல் ஆராய்ச்சியாளர்களே இந்த வகைக் குறையைச் சோதித்துக் காட்டினார்கள். வில் பயிற்சிகள் இருப்பது நடுவில்தான்.

மே 19, திங்கள்

வலி இல்லை, அதுதான் பயமாக இருக்கிறது. வலித்தாலாவது காரணம் தெரியும்.

மே 21, புதன்

இன்று சாட்பாட்டின்மேல் அன்பு வந்தது, எழுதிவைக்கிறேன். பக்கவாத்தியக்காரர்களுக்கு குவாண்ட்ஸ் ஏதேனும் சொல்கிறாரா என்று கேட்டேன். பதினேழாம் அத்தியாயம் முழுவதும் அதற்கே என்று உடனே காட்டியது. புல்லாங்குழல் நூல் என்று நினைத்து நான் அந்தப் பக்கம் போயிருக்கவே மாட்டேன். ரைலியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் மாணவி அதைத் தொடங்கி, கடைசிப் பிரிவுக்குத் தாவியபோது நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

குவாண்ட்ஸ் காலப்பிரமாணத்தை, அதாவது வேகத்தை, நாடித் துடிப்பால் அளக்கிறார். உடல்நலமும் உற்சாகமும் உள்ள ஒருவரின் துடிப்பு, மதிய உணவுக்குப் பிறகு மாலை வரை உள்ளது, நிமிடத்துக்கு ஏறத்தாழ 80. மிக விரைந்த நடையில், முழுச் சுரத்தின் பாதி நீளமான அரைச் சுரத்துக்கு ஒரு துடிப்பு. அடுத்ததில் கால் சுரத்துக்கு ஒன்று. அதற்கடுத்த மெது நடையில் அரைக்கால் சுரத்துக்கு ஒன்று. மிக மெது நடையில் அரைக்கால் சுரத்துக்கே இரண்டு. ஒவ்வொரு படியும் முந்தையதில் சரிபாதி வேகம். நாம் வர்ணத்தைக் கீழ்க்காலத்திலும் மேல்காலத்திலும் இரட்டித்து வாசிப்பதற்கு இவ்வளவு அருகில் பெர்லின் அரண்மனையில் ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார். நம்மிடம் கணக்கு உண்டு. முதல் காலம் எவ்வளவு மெதுவாக இருக்க வேண்டும் என்பதைப் பாட்டு வாத்தியாரின் தொடையில் விழும் தட்டுதான் முடிவு செய்யும்.

சுருக்கத்தில் இருந்த வரி: "வேகம் இசையின் உணர்வுக்கு ஏற்ப அமைய வேண்டும்." நாடியைப் பற்றி ஏதும் உண்டா என்று கேட்டதும், ஆம், 80 துடிப்பு என்று பிழையில்லாமல் ஒப்பித்தது. தெரிந்துகொண்டு கேட்டால் தெரியும் என்கிறது. தெரியாமல் கேட்பவருக்கு, எதைக் கேட்க வேண்டும் என்பதை அது சொல்வதில்லை.

மே 22, வியாழன்

காலை, மதியம், இரவு நாடி பார்த்தேன். மதியத்தில் குவாண்ட்ஸுக்குப் பொருந்துகிறது. இரவில் பொருந்தவில்லை.

மே 25, ஞாயிறு

இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். கூட்டத்துச் செயலாளர், அதையும் சாட்பாட்டிடம் கொடுத்து அரைப் பக்கமாக்கி அழைப்பிதழில் போட்டுவிட்டார். "காலங்கடந்த இசை ஞானத்தின் சாரம்" என்று தலைப்பு. எழினியும் இல்லை, நாடியும் இல்லை. தம்பி, "அக்கா, நல்லாத்தானே இருக்கு" என்கிறான்.

உரையை மாற்றிவிட்டேன். ஐந்து நூல்களும் வேண்டாம். வந்தவர்கள் அனைவரையும் தங்கள் மணிக்கட்டைப் பிடிக்கச் சொல்லி, அந்தத் துடிப்பில் ஆதி தாளம் போடவைத்து, நான்கு படிகளிலும் ஒரு கீதத்தைப் பாடவைக்கப் போகிறேன். ஒரு மணி நேரத்துக்கு அது போதும்.

மே 28, புதன்

டோக்கன் வாங்கி உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் வங்காளத்திலிருந்து வந்த குடும்பம். அவர்கள் மருந்துச் சீட்டைச் சாட்பாட்டிடம் காட்டி விளக்கம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். செவிலியர் நாடி பார்த்து 92 என்று எழுதினார். என்னை வைத்து அளந்தால் குவாண்ட்ஸின் கச்சேரி முழுவதும் ஓடிவிடும்.

மிக மெது நடையில் அரைக்கால் சுரத்துக்கு இரண்டு துடிப்பு என்றால், கால் சுரம் ஒன்று மூன்று வினாடி நிற்கும். நான்கு எண்ணிக்கை கொண்ட ஓர் ஆவர்த்தம் பன்னிரண்டு வினாடி. அந்த நீளத்தில் வில்லை உடையாமல் இழுக்க மோட்சார்ட்டின் முதல் பிரிவு தாங்குமா, நான்காவதுதான் வேண்டுமா என்பதை இன்று மாலை சட்ஜத்துத் தந்தியில் பார்க்க வேண்டும். மாணவியைப் பதினேழாம் அத்தியாயத்தின் அச்சுப் பிரதியோடு வரச் சொல்லியிருக்கிறேன், கைப்பேசியில் அல்ல, ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும்.