கிரீன்லாந்தில் ரேர் எர்த் மலையடியில் ஓர் ஊர்

தெற்கு கிரீன்லாந்தில் நார்சாக் என்று ஒரு சின்ன ஊர். வண்ண வண்ண மரவீடுகள், கடலில் மிதந்து வரும் பனிப்பாறைகள், ஆட்டுப் பண்ணைகள், அவ்வளவுதான். கணக்குப்படி ஆர்க்டிக் வட்டத்துக்குத் தெற்கேதான், ஆனால் அந்தக் காற்றுக்கு அது தெரியாது, ஜூலையிலும் ஸ்வெட்டரைக் கழற்ற விடவில்லை. நான் போனது ஊருக்குப் பின்னால் நிற்கும் குவானெர்சுயிட் மலைக்காக. உலகின் மிகப் பெரிய ரேர் எர்த், அதாவது அரிய மண் தனிமப் படிவுகளில் ஒன்று அங்கேதான் இருக்கிறது.

இந்தப் பாறைத் தொகுதிக்கு இலிமாவுசாக் என்று பெயர். சுமார் 116 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் மெல்ல மெல்ல ஆறிய பாறைக்குழம்பு இது. உப்பளத்தில் உப்பு படிந்த பிறகு கசப்பு நீர் மிஞ்சும் இல்லையா, அதே கதைதான்: சாதாரணக் கனிமங்கள் முதலில் படிகமாகிவிட, அவற்றுக்குள் இடம் கிடைக்காத சீரியம், லாந்தனம், நியோடிமியம் போன்ற அரிய மண் தனிமங்கள், கூடவே யுரேனியம், தோரியம் எல்லாம் மிச்சக் குழம்பிலேயே செறிந்துகொண்டே போய்க் கடைசியில் லுயாவ்ரைட் என்ற பாறையாக உறைந்தன.

தெற்கே காங்கெர்லுவார்சுக் ஃபியோர்டுக்கு (மலைகளுக்கு நடுவே உள்ளே நுழையும் குறுகிய கடல்) படகில் போனால் இதைவிட அழகான காட்சி. கறுப்பு, சிவப்பு, வெள்ளை, மறுபடி கறுப்பு என்று செங்குத்துப் பாறை முழுக்கப் பட்டை பட்டையாக 29 அடுக்குத் தொகுதிகள். கீழே உருண்டு கிடந்த கல் ஒன்றை எடுத்துத் தண்ணீரில் நனைத்ததும் சிவப்புப் படிகங்கள் பளிச்சென்று தெரிந்தன. அது யூடியலைட், சிர்கோனியமும் அரிய மண் தனிமங்களும் உள்ள கனிமம்.

சிக்கல் குவானெர்சுயிட்டில்தான். அங்கே முக்கியக் கனிமம் ஸ்டீன்ஸ்ட்ரூப்பைன், அதில் கதிரியக்கம் உள்ள யுரேனியமும் தோரியமும் சேர்ந்தே இருக்கும். (நம் மணவாளக்குறிச்சி மோனசைட் மணலிலும் தோரியம் உண்டே.) முதலில் இந்த மலையைத் தேடி வந்ததே யுரேனியத்துக்காகத்தான், 1957-ல் டென்மார்க்கின் அணு இயற்பியல் மேதை நீல்ஸ் போரே நேரில் வந்து பார்த்திருக்கிறார். 2021 தேர்தலில் இந்தச் சுரங்கம்தான் பெரிய பேச்சு. எதிர்த்த கட்சி ஜெயித்தது, அதே ஆண்டு பத்து லட்சத்தில் 100 பங்குக்கு மேல் யுரேனியம் உள்ள படிவைத் தோண்டக் கூடாது என்று சட்டமும் வந்தது. வேலை போச்சே என்பவர்களும் உண்டு. காற்றாலைக் காந்தத்துக்கு நியோடிமியம் வேண்டும்தான், ஆனால் சுரங்கத் தூசி தங்கள் ஆடு மேயும் புல்லில் விழும் என்று பயப்படுகிறவர்களை என்னால் குறை சொல்ல முடியவில்லை.

சரி, போகிறவர்களுக்கு ஒரு யோசனை. அங்கே துக்துபைட் என்ற இளஞ்சிவப்புக் கல்லில் நகை செய்து விற்பார்கள். புறஊதா டார்ச் அடித்தால் செக்கச்செவேல் என்று ஒளிரும். இருட்டுப் பெட்டியில் கிடந்தால் வெளிறிவிடும், அதனால் கொஞ்ச நேரம் வெயிலில் வைத்து நிறம் ஏறுகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.