கேள்வித்தாளின் இரண்டாம் பக்கம்

போன மார்கழியில் ஒரு காலை. அத்தை வாசலில் சிக்குக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த என் மகள், “அப்பத்தா, 3க்கு 4 புள்ளி வெச்சா ஒரே கோட்டுல முடிஞ்சிடும். 4க்கு 6 வெச்சா ரெண்டு கோடு வேணும்” என்றாள். போட்டுப் பார்த்தோம், சரியாக வந்தது. 6க்கு 9 என்றால் மூன்று கோடு. 5க்கு 5 என்றால் ஐந்து. நேர் புள்ளி வைத்து, நடுவில் எங்கும் திருப்பாமல் ஓரங்களில் மட்டும் வளைத்துப் போட்டால், அந்த இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி எதுவோ அத்தனை கோடுகள் வரும். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கிராஃப் நோட்டில் போட்டுப் போட்டு அவளே கண்டுபிடித்தது. 11 வயது, ஆறாம் வகுப்பு.

அதே மீப்பெரு பொதுக் காரணிப் பாடத்தில் பள்ளியில் டெஸ்ட் வைத்தார்கள். 25க்கு 11. முதல் பக்கத்துக் கணக்கு எல்லாம் சரி. தாளைத் திருப்பவே இல்லை.

“புத்திசாலிதான், ஆனா பொறுப்பு இல்ல” என்று ஒன்றாம் வகுப்பிலிருந்தே கேட்டு வருகிறேன். நானும் அதை நம்பினேன். நோட்டை எழுதி முடிக்கும்வரை கோலம் கிடையாது என்று கிராஃப் நோட்டை பீரோவில் வைத்துப் பூட்டினேன். மூன்று வாரம். நோட்டு முடியவில்லை, ராத்திரி அழுகைதான் கூடியது. அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கிறது.

அப்புறம்தான் மருத்துவரிடம் போனோம். ஏ.டி.எச்.டி., அதாவது கவனம் நிலைக்காமலோ துறுதுறுவென்று அடங்காமலோ இருக்கும் குறைபாடு. அதிலும் இவளுக்குக் கவனம் சிதறுகிற வகை. ஓடியாடி வகுப்பைக் கலைக்காத பிள்ளை என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பெண் பிள்ளைகளுக்கு இப்படித் தாமதமாகத் தெரிவது சகஜம் என்றார். வெக்ஸ்லர் நுண்ணறிவுச் சோதனையில் சராசரி 100. இவளுக்குப் பகுத்தறியும் திறன் 138, வேலையை முடிக்கும் வேகம் 91. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாகப் பார்த்தால் இரண்டுமே கண்ணில் படாது. கெட்டிக்காரத்தனம் சிரமத்தை மூடிவிடுகிறது, சிரமம் கெட்டிக்காரத்தனத்தை மூடிவிடுகிறது.

அமெரிக்காவில் 2007இல் வந்த ஓர் ஆய்வைப் படித்தேன். மூளையின் மேலுறை உச்சத் தடிமனை எட்டுவது மற்றக் குழந்தைகளுக்கு ஏழரை வயது வாக்கில் என்றால், ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுக்குப் பத்தரை வயது வாக்கில். படித்ததும் எனக்கு ஒன்று பிடிபட்டது. கணக்கில் இவள் பதினைந்து வயது, பையை அடுக்குவதில் எட்டு வயது. எட்டு வயதுக்குப் பக்கத்தில் நின்று உதவுவோம்தானே? இப்போது நான் நிற்கிறேன். மறுநாள் வேண்டியவை வாசற்கதவில் எழுதி ஒட்டியிருக்கும். வாயால் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்வேன். மாத்திரையும் உண்டு. பசி குறைவதால் அதற்கு முன்பே நான்கு இட்லி சாப்பிட வைத்துவிடுகிறேன்.

ஆனால் பெரிய மாற்றம் வந்தது வேறு இடத்தில். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் கற்றல் குறைபாடு இருக்கிறது, ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. ஆகவே சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியவில்லை. கணக்கு டீச்சரிடம் நேரில் உட்கார்ந்து பேசினேன். வகுப்பில் 42 பிள்ளைகள் இருந்தும் பொறுமையாகக் கேட்டார். வீட்டுப்பாடத்தில் இருபது கணக்குக்குப் பதில் கடைசியில் வரும் கடினமான ஐந்தை முதலில் செய்யட்டும், சரியாக வந்தால் மீதி வேண்டாம் என்று ஒத்துக்கொண்டார். லேசான கணக்கில்தான் இவள் அதிகம் தப்பு செய்வாள், மனம் அங்கே நிற்காது. கஷ்டமான கணக்கு வந்தால் முதுகு நிமிர்ந்துவிடும். கேள்வித்தாளின் அடியில் டீச்சர் பென்சிலால் ஓர் அம்புக்குறியும் போட்டுத் தருகிறார்.

இப்படிப் பிள்ளை வைத்திருக்கும் பெற்றோருக்கு நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். பிள்ளைக்குப் பிடித்ததைப் பூட்டிவைக்காதீர்கள். அந்தப் பிள்ளை நன்றாக இருக்கிற இடம் அது ஒன்றுதான். நோட்டு முடிந்தாலும் முடியாவிட்டாலும் அது கையில் இருக்கட்டும்.

நேற்று ராத்திரி அத்தை கேட்டார்: “பொங்கலுக்கு 8க்கு 12 போடலாம்னு இருக்கேன், எத்தனை கோடுடி வரும்?” வாயில் பிரஷ்ஷோடு நின்றவள் நான்கு விரலைக் காட்டிவிட்டு, கிராஃப் நோட்டைத் தேடி உள்ளே ஓடினாள். குழாய் திறந்தே இருந்தது. நான் போய் மூடினேன்.