விடுதிக் கரம் போட்டில் படித்த உந்தக் காப்பு

எமது கல்லூரி விடுதியில் இருந்த கரம் போட்டை ஓர் ஆய்வுகூடக் கருவியாக்கியவர், உயர்தர வகுப்பில் எங்களுக்குப் பௌதிகவியல் படிப்பித்த ஆசிரியர். திணிவையும் வேகத்தையும் பெருக்கினால் உந்தம், புறவிசை தாக்காத தொகுதியில் மொத்த உந்தம் மாறாது என்று கொப்பியில் எழுதி மனனம் செய்துகொண்டிருந்த எங்களை, ஒரு மாலை அவர் போட்டைச் சுற்றி நிற்கவைத்தார். "நடுவில் தனியாக நிற்கும் இந்தக் காயில் ஸ்ரைக்கரை அடித்து, மோதிய இடத்திலிருந்தே அதை உங்கள் பக்கம் திரும்பச் செய்யுங்கள் பார்ப்போம்" என்றார்.

விடுதியின் கைதேர்ந்த ஆட்டக்காரர்களாலும் அது முடியவில்லை. காயின் திணிவு 5 கிராமுக்குச் சற்று மேல். ஸ்ரைக்கர் 15 கிராம் வரை இருக்கலாம். மும்மடங்கு என்று வைத்து, இயக்க சக்தி (திணிவையும் வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கியதில் பாதி) இழக்கப்படவில்லை என்றும் கொண்டு, நேர் மோதலைக் கணித்தால், ஸ்ரைக்கர் பாதி வேகத்துடன் அதே திசையில் தொடர, காய் ஸ்ரைக்கரின் தொடக்க வேகத்தைப்போல் ஒன்றரை மடங்கு வேகத்தில் பாயும். உந்தம் இரண்டுக்கும் சரிபாதி. இயக்க சக்தியிலோ முக்கால் பங்கு காயினுடையது. உந்தத்தையும் சக்தியையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான கணக்கு எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. சாய்வாக அடித்தாலும், ஸ்ரைக்கர் தன் பாதையிலிருந்து ஏறத்தாழ 19.5 பாகைக்கு மேல் விலக முடியாது. காயைத் துரத்திக்கொண்டு அதுவும் குழியில் விழுந்து எங்களைத் தண்டத்துக்கு உள்ளாக்கியதன் காரணம் அன்றுதான் விளங்கியது.

குறும்புக்காரன் ஒருவன் காயைச் சட்டத்தோடு ஒட்டவைத்து அடித்தான்; ஸ்ரைக்கர் திரும்பி வந்தது. ஆசிரியர் மறுக்கவில்லை. சட்டமும் மேசையும் பூமியும் இப்போது மோதலில் பங்காளிகள், அவற்றையும் சேர்த்துக் கூட்டு என்றார். அப்படியானால் போட்டின் உராய்வு புறவிசை அல்லவா என்று அவன் விடவில்லை. மோதல் நிகழும் கணம் மிகச் சிறியது, அதற்குள் உராய்வு கொடுக்கும் கணத்தாக்கு, அதாவது விசையையும் அது தாக்கும் நேரத்தையும் பெருக்கிய அளவு, புறக்கணிக்கத்தக்கது என்பது பதில்.

பந்துகளை ஊசல்களாகத் தொங்கவிட்டு மோதவைத்த நியூட்டன், 1687இல் வெளிவந்த தமது நூலில், கண்ணாடிப் பந்துகள் நெருங்கிய வேகத்துக்கும் விலகிய வேகத்துக்கும் உள்ள விகிதம் 16க்கு 15 என்றும், கம்பளிப் பந்துகளில் 9க்கு 5 என்றும் குறித்திருக்கிறார். பொருளுக்கேற்ப மாறியது துள்ளல் மட்டுமே. மொத்த உந்தம் மாறவில்லை.

ரொறன்ரோவின் பனிக்காலத்தில், சிவப்பு விளக்கில் நிற்கும் வாகனத்தில் பின்னால் வருவது வழுக்கி மோதுவதைக் காணும்போதெல்லாம் என் மனம் இந்தக் கணக்கைத் தானாகவே போட்டுவிடும். 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கார், நிற்கும் சம திணிவுக் காரில் மோதி, இரண்டும் சிக்கிக்கொண்டு நகர்ந்தால், மோதிய உடனேயான வேகம் 25. உந்தத்தில் குறைவில்லை, இயக்க சக்தியில் பாதியோ தகடுகளை நெளிப்பதிலும் வெப்பத்திலும் போய்விடும். வாகனக் காப்புறுதிக்காரர் பணம் கொடுப்பது அந்தப் பாதிக்குத்தான்! மோதுவது 12 தொன் பேருந்தாகவும் நிற்பது ஒன்றரைத் தொன் காராகவும் இருந்தால், இரண்டும் ஏறத்தாழ 44 கிலோமீற்றர் வேகத்தில் நகரும். பேருந்துப் பயணிகளுக்கு ஆறு கிலோமீற்றருக்கும் குறைந்த வேகமாற்றம், காரில் இருப்பவருக்கோ அதைப்போல் எட்டு மடங்கு.