மின்சாரம் போன இரவில் டயல் டோன்

சென்ற மாதம் எங்கள் மேற்கு மாம்பலம் வீட்டின் பழைய செப்புக் கம்பி இணைப்பு எடுக்கப்பட்டு, அதே எண் ஃபைபருக்கு மாற்றப்பட்டது. லைன்மேன் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டி, பழைய போனின் வயரை அதில் செருகி, தன் செல்போனிலிருந்து அழைத்து மணி அடிப்பதைக் காட்டிவிட்டுச் சென்றார். அன்று மாலை கரண்ட் போனது. கூடவே போனும் ஊமையானது. "கரண்ட் போனா போன் எதுக்குடா போகணும்?" என்று கேட்டார் அப்பா.

கேள்வி நியாயமானதுதான். செப்புக் கம்பி பேச்சை மட்டும் சுமந்து வரவில்லை. எக்ஸ்சேஞ்சில் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும் பேட்டரிகளிலிருந்து 48 வோல்ட் மின்சாரத்தையும் வீடுதோறும் கொண்டுவந்து சேர்த்தது. மணி அடிக்கும் நேரத்தில் அது இன்னும் ஏறும் என்பதால், கம்பியைப் பல்லால் சீவும் லைன்மேன்கள் அந்த நொடியில் யாரும் அழைத்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொள்வார்களாம். கண்ணாடி இழையில் வெளிச்சம் மட்டுமே வரும். அதைக் குரலாக மாற்றும் பெட்டிக்கு நம் வீட்டு மின்சாரம் வேண்டும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில், தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது, எங்கள் இரண்டாம் மாடி வீட்டின் போன் மட்டும் எப்படியோ தப்பியது. எல்லோருடைய செல்போன்களும் சார்ஜ் இழந்துவிட்டன. டவர்களும் ஒவ்வொன்றாக அணைந்தன. ரிசீவரை எடுத்தால் மட்டும் அந்தப் பழைய ரீங்காரம் கேட்டது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படிக்கட்டு வரை வரிசை நின்றது. எண்பதுகளில் கல்யாணப் பத்திரிகைகளில் "பி.பி." (அடுத்த வீட்டு போன், கூப்பிட்டுத் தருவார்கள்) என்று போட்டு அக்கம்பக்கத்தார் அச்சிட்டுக்கொண்ட எங்கள் எண், ஐந்து நாட்களுக்கு மறுபடியும் தெருவுக்கே பி.பி. நம்பராயிற்று.

இதே சிக்கலை மற்ற நாடுகள் எப்படிக் கையாளுகின்றன என்று தேடியதற்கு இன்னொரு காரணம், லண்டன் ஹாரோவில் தனியாக வசிக்கும் என் அத்தை. அவர் கழுத்தில் ஒரு பொத்தான் தொங்குகிறது. கீழே விழுந்தால் அதை அழுத்த வேண்டும், அது தொலைபேசி வழியாக உதவி மையத்தை அழைக்கும். பிரிட்டனில் ஏறத்தாழ 18 லட்சம் பேர் இப்படிப்பட்ட கருவிகளை நம்பியிருக்கிறார்கள். பழைய தொலைபேசி வலையை 2025 டிசம்பரோடு நிறுத்துவதாக இருந்த அந்த நாடு, மாற்றத்துக்குப் பிறகு சிலருடைய பொத்தான்கள் வேலை செய்யாமல் போனதைக் கண்டு, கெடுவை 2027 ஜனவரிக்குத் தள்ளிவைத்தது. மின்சாரம் போனாலும் அவசர உதவியை ஒரு மணி நேரமாவது அழைக்க வழி செய்ய வேண்டும் என்பது அங்குள்ள ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. ஒரு மணி நேரம் எந்தக் கணக்கில் போதும் என்று எனக்கு விளங்கவில்லை. எஸ்தோனியாவும் நெதர்லாந்தும் இந்த மாற்றத்தை எப்போதோ முடித்துவிட்டன. சிறிய நாடுகள், எளிதாக முடிந்திருக்கும்.

எனக்குப் பிடித்தது ஜப்பான் செய்த வேலை. 2024 ஜனவரியில் தொடங்கி ஓராண்டுக்குள் நாட்டின் தொலைபேசி வலையில் எக்ஸ்சேஞ்சுகளை இணைக்கும் நடுப்பகுதியை முழுவதுமாக இணையம் இயங்கும் முறைக்கு மாற்றினார்கள். வீட்டுக்கு வரும் செப்புக் கம்பியை மட்டும் அப்படியே விட்டுவைத்தார்கள். எக்ஸ்சேஞ்ச் மின்சாரம் இன்றும் அதில் வருகிறது. பூகம்பம் பார்த்த ஊர் அல்லவா? 1995 கோபே பூகம்பத்தில் லைன்கள் நெரிசலில் திணறியதால், 1998இல் 171 என்றொரு எண்ணைக் கொண்டுவந்தார்கள். அதைச் சுற்றி, 1ஐ அழுத்தி, வீட்டுத் தொலைபேசி எண்ணைக் கொடுத்தால், "நான் நலம்" என்று பதிவு செய்யலாம். உறவினர் எந்த ஊரிலிருந்தும் 2ஐ அழுத்தி, அதே எண்ணைக் கொடுத்துக் கேட்டுக்கொள்ளலாம். அந்த டிசம்பரில் எங்கள் படிக்கட்டில் நின்றவர்களில் பாதிப் பேர் சொல்ல வந்தது அந்த இரண்டு சொற்களைத்தான்.

1882லேயே எக்ஸ்சேஞ்ச் பார்த்த சென்னையில் இந்த மாற்றத்துக்குக் கெடுவும் இல்லை, தள்ளிவைப்பும் இல்லை. மழைநீர் வடிகாலுக்குத் தோண்டும்போது கேபிள் அறுபடும். புகார் கொடுத்தால், "ஃபைபருக்கு மாறிடுங்க சார்" என்பார்கள். ஒவ்வொரு தெருவாக, ஒவ்வொரு குழியாக, செப்புக் கம்பி அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது. ஃபைபரில் இணையம் நன்றாக வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்; பெட்டியை மாட்டும்போது, கரண்ட் போனால் இது பேசாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை எலெக்ட்ரீஷியனை வரவழைத்து, வெள்ளைப் பெட்டிக்கு இன்வெர்ட்டரிலிருந்து தனி பிளக் பாயிண்ட் இழுத்தாயிற்று. எத்தனை நேரம் தாங்கும் என்று அப்பா கேட்டார். ஃபேனை நிறுத்தினால் ஒரு நாள் ஓட்டலாம் என்றார் அவர்.